நடுவில் குழல் வைத்த தட்டு

என் தங்கை ஜெயராணிக்கு நாங்கள் தர வேண்டியிருந்தது எட்டாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய். நாலு வருஷமாக அது ஒரு ரூபாய் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அவள் கேட்கவில்லை, என் மனைவி பிரிசில்லா கொடுக்கவில்லை. தொகை மட்டும் இரண்டு பேருக்கும் மனப்பாடம். அந்தச் சனிக்கிழமை காலையில், முதுநகரில் எங்கள் வீட்டுச் சமையல்கட்டில் முக்காலி போட்டு ஏறி, சிலாப்புக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தேன். கீழே பிரிசில்லா முக்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அஞ்சும் இருக்குதான்னு பாருங்க. அப்புறம் ஒன்னு கொறையுதுன்னு அதுக்கு வேற பேச்சு வரும்.”

ஐந்தும் இருந்தன. பழைய புடவையில் சுற்றி வைத்திருந்த கேக் தட்டுகள். முதலில் கைக்கு வந்தது இதய வடிவத் தட்டு. கொஞ்ச காலம் அதில் சின்ன வெங்காயம் போட்டு வைத்திருந்தோம், சருகு இன்னும் ஓரத்தில் ஒட்டியிருந்தது. அடுத்தது பன்னிரண்டு குழி உள்ளது. ஒரு குழியில் சட்டைப் பித்தான், ஒன்றில் தீர்ந்துபோன பேட்டரி, ஒன்றில் பாதி மாத்திரை அட்டை. கொக்கியை நெம்பினால் சுவர் தனியாக அடி தனியாகக் கழன்று வரும் வட்டத் தட்டு ஒன்று. அதன் அடித்தகடு ஒரு வருஷம் குடத்துக்கு மூடியாக இருந்தது. பொம்மையின் பாவாடை மாதிரி குடைந்த கிண்ணம் ஒன்று; அதில் ஒரே ஒரு தடவைதான் மாவு ஊற்றியிருக்கிறாள். கடைசியாகப் பெரிய பூத்தட்டு. சுற்றிலும் இதழ் இதழாக மடிப்பு, நடுவில் குழல். புயல் மழையில் கூரைச் சீட்டு ஒழுகியபோது இதைத்தான் சொட்டுக்குக் கீழே வைத்தோம். எப்படி நகர்த்தினாலும் சொட்டு சரியாகக் குழலின் ஓட்டை வழியாகவே போய்த் தரையை நனைத்தது. அன்றைக்கு பிரிசில்லா விழுந்து விழுந்து சிரித்தாள். வாங்கிய புதுசுக்குப் பிறகு இந்தத் தட்டுகளால் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

கொரோனாவுக்கு அடுத்த வருஷம் அது. பிரிசில்லா அப்போதும் முந்திரிக்கொட்டை உடைக்கும் ஷெட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள். கொட்டையின் பால் பட்டு அவள் விரல் நுனிகள் கறுத்துத் தோல் உரிந்திருக்கும். பூசையில் நற்கருணை அப்பம் வாங்கக் கையை நீட்டும்போது வெட்கமாக இருக்கிறது என்று சொல்வாள். அந்த நேரத்தில் கோயில் மகளிர் மன்றத்தில் மூன்று நாள் கேக் வகுப்பு நடந்தது. பாண்டிச்சேரியிலிருந்து ஒரு அம்மா வந்து சொல்லிக் கொடுத்தார். மூன்றாம் நாள் அவள் வீட்டுக்கு வந்த முகத்தைப் பார்க்க வேண்டும். பிறந்தநாளுக்கு ஒன்று, கிறிஸ்துமஸுக்குப் பத்து, இப்படி ஆர்டர் பிடித்தால் ஷெட் பக்கமே தலை வைக்க வேண்டாம் என்று விரல் விட்டு எண்ணினாள். எங்களிடம் அப்போது படம் பார்த்துச் சாமான் வாங்குகிற மாதிரி போன் கிடையாது. சிதம்பரத்தில் இருக்கும் ஜெயராணி தன் போனில் பார்த்து, தானே காசு கட்டி ஆர்டர் போட்டாள். ஒன்று வாங்கினால் டெலிவரி சார்ஜ், அஞ்சு வாங்கினால் இல்லை என்று அஞ்சாக வாங்கச் சொன்னவளும் அவள்தான். “மெதுவா குடுங்க அண்ணி, ஓடியா போவப்போறீங்க” என்றாளாம்.

அடுப்பில் பெரிய அலுமினியக் குண்டானை வைத்து, அடியில் மணல் பரப்பி, அதற்குள் தட்டை வைத்து மூடி கேக் செய்தாள். மணலை நான்தான் சலித்துக் கொண்டுவந்தேன். நான் வேலை பார்ப்பது கிணற்றுக்குள் இறக்கும் சிமெண்டு உறை வார்க்கும் பட்டறையில். முதலாளி நடனசபாபதி மணல் விஷயத்தில் மட்டும் கணக்குப் பார்க்க மாட்டார். முதல் கேக் பூத்தட்டிலிருந்து தானாக வழுக்கி விழுந்தது. பக்கத்து வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த வாரத்தில் ஐந்து கேக். ஒரு ஆர்டர்கூட வந்துவிட்டது. அப்போது மேல்பட்டாம்பாக்கத்தில் அவள் அம்மாவுக்கு முடியவில்லை என்று ஆள் வர, தட்டுகளை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினாள்.

அவள் அம்மா வீட்டில் இருந்த மூன்று நாளில் ஒரு நாள் சாயங்காலம் நான் அந்த வேலையைச் செய்தேன். தட்டுகளை நான் புதுசில் பார்த்தது கிடையாது. பார்சல் வந்தபோது பட்டறையில் இருந்தேன். குண்டானுக்குள் இருந்து வந்த பிறகுதான் பார்த்தேன். உள்ளே எல்லாம் கறுப்பாக இருந்தது. எங்கள் தொழிலில் அச்சு என்றால் இரும்பின் வெள்ளை தெரியத் தேய்த்துத்தான் வைப்போம். முந்தின நாள் சிமெண்டு ஒரு பொட்டு அச்சில் நின்றால் மறுநாள் உறை விரிசல் விடும், கூலியில் பிடிப்பார்கள். இருபத்தாறு வருஷம் தேய்த்த கை. இவ்வளவு கரி பிடித்திருக்கிறதே, பாவம், அவளுக்குத் தேய்க்க நேரம் கிடைக்கவில்லை என்றுதான் நினைத்தேன். பட்டறையிலிருந்து ஒயர் பிரஷ் கொண்டுவந்தேன். செங்கல்லை இடித்துத் தூளாக்கினேன். ஐந்து தட்டையும் இரண்டு மணி நேரம் தேய்த்தேன். கரி லேசில் போகவில்லை. இதழ் மடிப்புக்குள் விரலால் செங்கல் தூளை வைத்து அழுத்தித் தேய்த்தேன். அங்கங்கே வெள்ளை தெரிந்ததும் மனசு குளிர்ந்தது. கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தூங்கினேன்.

அவள் திரும்பி வந்து அந்த ஆர்டர் கேக்கை ஊற்றினாள். கேக் வரவில்லை. பாதி தட்டோடு நின்றது. வந்த பாதியிலும் கறுப்புச் செதில். “ஒட்டாம இருக்குறதுக்குப் போட்ட பூச்சு உரியுது பாருங்க. பத்து நாள் ஆவல” என்று தட்டை விளக்குக்கு நேராகப் பிடித்துக் காட்டினாள். “நீங்க எதுல கழுவுனீங்க?”

“சோப்புத் தண்ணிலதான்” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிற்பாடு எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். நான்தான் கெடுத்தேன் என்று அப்போது எனக்குத் தெரியும் என்று சொல்ல முடியாது. தெரியாது என்றும் சொல்ல முடியாது. அவள் குரலைக் கேட்டதும் வாய் முந்திக்கொண்டது, அவ்வளவுதான். மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டாள் என்று பிரிசில்லா ஜெயராணிக்கு போன் செய்தாள். கமிஷன் அடித்தேன் என்கிறீர்களா என்று ஜெயராணி திருப்பிக் கேட்டாள். அன்றோடு பேச்சு நின்றது. பிரிசில்லா நெய் தடவி இன்னும் இரண்டு தடவை முயற்சி பண்ணினாள். அதுவும் உடைந்தது. “எனக்கு இதுக்கெல்லாம் கை வராது” என்று சொல்லித் தட்டுகளைப் புடவையில் கட்டினாள். திங்கட்கிழமை ஷெட்டுக்குப் போனாள்.

இரண்டு வருஷம் கழித்து எங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில் சாயங்கால எழுத்தறிவு வகுப்பு வந்தது. மலர்க்கொடி என்ற பெண் வந்து வீடு வீடாகப் பெயர் எழுதினாள். நாற்பத்தெட்டு வயசில் நான் ‘அம்மா’, ‘ஆடு’ எழுதினேன். கை சிமெண்டு மூட்டைக்குப் பழகியது, பென்சில் முறிந்துகொண்டே இருக்கும். எட்டு மாசத்தில் பஸ் போர்டு, ரேஷன் அட்டை, மருந்துச் சீட்டு என்று கண்ணில் படுவதையெல்லாம் எழுத்துக்கூட்டிப் படிக்கும் வெறி வந்துவிட்டது. அந்த வெறியில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிலாப்பில் எதையோ தேடப்போய், பூத்தட்டு வாங்கும்போது வந்த அட்டைப்பெட்டியில் மடித்திருந்த தாளை எடுத்தேன். ஆறேழு பாஷையில் அச்சடித்திருந்தது. தமிழ் கடைசியில். முக்காலியில் நின்றபடியே படித்தேன். இறங்க முடியவில்லை. அந்தத் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். சட்டை மாறும்போதெல்லாம் தாளும் பை மாறியது. பிரிசில்லாவிடம் சொல்ல வாய் வரவில்லை. அப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் போயிற்று.

இப்போது ஜெயராணியின் சின்ன மகள் ரெஜினாவுக்குப் புதுநன்மை. ஞாயிற்றுக்கிழமை காலை பூசையில் வெள்ளை கவுன் போட்டு மெழுகுவத்தி பிடித்து முதல் தடவையாக நற்கருணை வாங்குகிறாள். ஜெயராணி எனக்குத்தான் போன் செய்தாள். “அண்ணிகிட்டயும் சொல்லு” என்று வைத்துவிட்டாள். பிரிசில்லா, “நீங்க போயிட்டு வாங்க, தாய்மாமன் போனா போதும்” என்றாள். ஒரு வாரம் யோசித்து நான் ஒரு வழி சொன்னேன். அந்தத் தட்டுகளைக் கொண்டுபோய் அவள் வீட்டிலேயே வைத்துவிட்டுக் கணக்கை முடித்துக்கொண்டு வந்துவிடலாம், நீயும் வா. அது அவளுக்குப் பிடித்திருந்தது. கணக்கு முடிக்கிற வேலை என்றால் வருவாள். எனக்கு வேண்டியது, இரண்டு பேரும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். தனித்தனியாக இரண்டு தடவை சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

சிதம்பரம் பஸ்ஸில் ஜன்னலோரம் அவள், நடுவில் நான், மடியில் பை. ஒவ்வொரு வேகத்தடைக்கும் தட்டுகள் சத்தம் போட்டன. “என்னாய்யா உள்ள, மேளமா?” என்றார் கண்டக்டர். “கேக்கு தட்டு சார்” என்றேன். “அடேங்கப்பா, பேக்கரி வச்சிருக்கீங்களா?” என்று அவர் பிரிசில்லாவைப் பார்த்துக் கேட்டார். அவள் முகத்தைத் திருப்பி, புதுச்சத்திரம் வருகிற வரைக்கும் வெளியிலேயே பார்த்துக்கொண்டு வந்தாள். சட்டைப் பையில் தாள் வேர்வையில் நனைந்து நெஞ்சில் ஒட்டியது.

ஜெயராணி வீட்டு வாசலில் பந்தல் கால் நட்டிருந்தார்கள். அவள் வீட்டுக்காரர் வாடகை நாற்காலி எடுத்துவரப் போயிருந்தார். ரெஜினா பூசை ஒத்திகைக்குக் கோயிலுக்குப் போயிருந்தாள். கதவைத் திறந்த ஜெயராணி, “வாங்க அண்ணி” என்றாள். பிரிசில்லா, “வந்தாச்சி” என்றாள். மோர் வந்தது. மோரைக் குடித்து டம்ளரைக் கீழே வைத்த கையோடு பிரிசில்லா பையைப் பிரித்து ஐந்து தட்டையும் வரிசையாகத் தரையில் பரப்பினாள்.

“உன் சாமான எண்ணிப் பாத்துக்க ஜெயா. அஞ்சு. இத்தோட உனக்கும் எனக்கும் கணக்கு முடிஞ்சிச்சி.”

“நான் எப்ப அண்ணி காசு கேட்டேன்?”

“நீ கேக்காததுதான் கொடுமை. கேட்டிருந்தா அன்னைக்கே மூஞ்சில அடிச்சிருப்பேன்.”

“மட்டமான சரக்குன்னு நீங்க மேல்பட்டாம்பாக்கம் வரைக்கும் சொன்னீங்க. எங்க சின்ன மாமியா வந்து என்கிட்டயே கேக்குது, எவ்வளவு கமிஷன்டீன்னு. அதே கம்பெனிதான் நானும் ஒன்னு வாங்கினேன். இன்னும் கண்ணாடி மாதிரி இருக்குது. எடுத்தாந்து காட்டவா?”

“அப்போ நான் பொய் சொல்றேனா? தோ பாரு, வெள்ள வெள்ளயா உரிஞ்சி கெடக்குது. நானா சொரண்டுனேன்?”

“ஒரு நிமிஷம்” என்றேன்.

இரண்டு பேரும் திரும்பினார்கள். இந்த மாதிரிப் பேச்சில் நான் வாயைத் திறந்ததே கிடையாது. தாளை எடுத்து மடிப்பைப் பிரித்தேன். மடிப்பு விழுந்த இடத்தில் இரண்டு எழுத்து அழிந்திருந்தது. பரவாயில்லை, அந்த வரி எனக்கு மனப்பாடம். இருந்தாலும் பார்த்துத்தான் படித்தேன். விரலை வைத்து, ஒவ்வொரு சொல்லாக. “உலோக… நார், மணல், செங்கல்… தூள் ஆகியவற்றால்… தேய்க்கக் கூடாது. பூச்சு… கெட்டுவிடும்.”

“அண்ணா, நீ படிக்கிற!” என்றாள் ஜெயராணி. அவள் கண் விரிந்துவிட்டது. “அண்ணி, இது எப்பேலருந்து? எனக்கு யாருமே சொல்லல. இன்னொரு வாட்டி படி அண்ணா.”

பிரிசில்லா அவளைப் பார்க்கவில்லை. தாளையும் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நகக்கண்ணில் சிமெண்டு ஏறிய கை.

“யோவ்” என்றாள், மெல்ல.

“கரின்னு நெனச்சேன்” என்றேன். “நீ ஊருக்குப் போயிருந்தப்ப. நீ வந்து சந்தோஷப்படுவன்னு.”

“சோப்புத் தண்ணின்ன?”

அவள் எழுந்து பின்கட்டுக்குப் போனாள். குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது; தண்ணீர் சும்மா விழுந்துகொண்டே இருந்தது. ஜெயராணி என்னையும் தட்டுகளையும் மாறி மாறிப் பார்த்தாள். எனக்கு ஒரு பக்கம் பயம். இன்னொரு பக்கம், நெஞ்சில் ஒட்டிக்கொண்டிருந்த அந்தத் தாள் இப்போது என் கையில் இருந்தது. மூட்டையை லாரியில் போட்டுவிட்டு நிமிரும்போது முதுகில் ஒரு காற்று வருமே, அந்த மாதிரி. அவள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தது.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து நிலைப்படியில் நின்றாள். “நாலு வருஷமாயா. எனக்குத்தான் கை வரலன்னு நெனச்சிட்டிருந்தேன். கேக்கு ஆர்டர் குடுத்தவ வூட்டு வழியா நான் கோயிலுக்குக்கூடப் போறதில்ல, தெரியுமா? சுத்திக்கிட்டுப் போறேன்.”

“தெரியும்.”

“தெரிஞ்சி?”

“தெரிஞ்சிதான் சொல்ல முடியல.”

ஜெயராணி பூத்தட்டைக் கையில் எடுத்து மடிப்புக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். “இதழுக்குள்ளல்லாம் பூந்து தேச்சிருக்கிறியே அண்ணா. எதுலதான் தேச்ச?”

“ஒயர் பிரஷ்ல.”

“உறை தேய்க்கிற பிரஷ்ஷா?”

“அதுதான். நல்லா கழுவிட்டுத்தான் தேச்சேன்.”

“கழுவிட்டு!” என்றாள் பிரிசில்லா. அது கோபமாகத்தான் கிளம்பியது. பாதி வழியில் சிரிப்பாக மாறிவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். “கேட்டியா ஜெயா, கழுவிட்டுத் தேச்சாராம். நல்ல வேள, என்னை அந்தப் பிரஷ்ல தேய்க்காம வுட்டாரு.” ஜெயராணி தட்டை மடியில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். சிரித்து முடிந்ததும் இரண்டு பேருமாகச் சேர்ந்து என்னைப் பிடித்துக்கொண்டார்கள். சின்ன வயசில் நான் ஜெயராணியின் ஸ்லேட்டை உடைத்தது வரைக்கும் பேச்சு போனது. நான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு நல்ல திட்டு நான் வாங்கியதில்லை.

கொஞ்ச நேரம் கழித்து பிரிசில்லா கேட்டாள். “முட்டை இருக்குதா ஜெயா?”

“பேக்கரியில ரெண்டு கிலோ கேக்கு சொல்லியிருக்கேன் அண்ணி.”

“அது கெடக்கட்டும். முட்டை இருக்குதா?”

இருந்தது. ஜெயராணியிடம் கரண்டு ஓவன் அடுப்பு ஒன்றும் இருந்தது. அவளுடைய பளபளக்கும் தட்டும் இருந்தது. பிரிசில்லா அதைத் தொடவில்லை. வெள்ளை வெள்ளையாக உரிந்த பூத்தட்டைத்தான் எடுத்தாள். எடுத்து என் கையில் கொடுத்தாள். “நீங்கதான கெடுத்தீங்க. உங்க அச்சுக்கு என்னா பண்ணுவீங்களோ, பண்ணுங்க.”

அதுதான் எனக்குத் தெரிந்த வேலை. உறை அச்சுக்குக் கழிவெண்ணெயைத் துணியில் தொட்டு ஒரு நூல் இடம் விடாமல் தடவுவோம். நெய்யை உருக்காமல், உறைந்ததாக வாங்கிக்கொண்டேன். இதழ் ஒவ்வொன்றாக, அடியிலிருந்து மேல் நோக்கி, மடிப்பின் ஆழம் வரைக்கும் விரலால் தடவினேன். நடுக் குழலைச் சுற்றி இரண்டு தடவை. பிறகு மைதாவைத் தூவி, தட்டைச் சுற்றிச் சுற்றித் தட்டி, நின்ற மாவைக் கொட்டினேன். எல்லாப் பக்கமும் ஒரே வெள்ளை. பூச்சு இருக்கும் இடம் இல்லாத இடம் தெரியவில்லை. “இப்படி நான் தடவவே இல்ல” என்று பிரிசில்லா குனிந்து பார்த்தாள். “சும்மா மேலோட்டமா இழுத்தேன்.”

கேக் வேகும் நேரத்தில் அவள் ரவிக்கைக்குள் இருந்து சின்ன மணிபர்சை எடுத்தாள். எட்டாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாயும் அதில் இருந்தது. எனக்கே தெரியாது. எப்போதோ சேர்த்து, கொடுக்கவும் மனசில்லாமல் செலவழிக்கவும் மனசில்லாமல் வைத்திருக்கிறாள். ஜெயராணி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“வேணாம் அண்ணி.”

“பிடிடீ. சரக்கு நல்ல சரக்கு. விலை குடுக்கணும் இல்ல?”

“நாலு வருஷத்துல எம் பொண்ணுக்கு நாலு பொறந்தநாளு வந்து போச்சி. ஒன்னுக்காச்சும் அத்தை கேக்கு வந்துச்சா? அதுக்கும் இதுக்கும் சரியாப் போச்சி.”

“அது வேற, இது வேற.”

“அப்போ ஒன்னு பண்ணுவோம். கேக்கு முழுசா வந்துச்சின்னா காசு உங்களுக்கு. உடைஞ்சிச்சின்னா அண்ணன் கூலியில புடிச்சிக்குவோம், ஆளுக்குப் பாதி.”

என்னை யாரும் கேட்கவில்லை.

வெந்ததும் பிரிசில்லா உடனே கவிழ்க்கப் போனாள். நான் தடுத்தேன். இறுகாத பச்சை உறையை அச்சிலிருந்து அவசரப்பட்டு உருவினால் வாய் சரியும். ரொம்பப் பொறுத்தால் அச்சைக் கவ்விக்கொள்ளும். தொட்டால் கை பொறுக்கிற சூடு வரட்டும் என்றேன். மூன்று பேரும் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். வெளியே பந்தல்காரன் துணியை இழுத்துக் கட்டினான். பத்து நிமிஷம் கழித்து மேலே எவர்சில்வர் தட்டை வைத்துக் கவிழ்த்து, விரல் முட்டியால் சுற்றிலும் தட்டினேன், உறையைத் தட்டுகிற மாதிரி, ஒரே இடத்தில் இரண்டு தடவை தட்டாமல். உள்ளே எதுவோ இறங்கியது. சத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது, கைக்குத்தான் தெரிந்தது.

தூக்கினேன். பூ முழுசாக உட்கார்ந்திருந்தது. ஒரே ஒரு இதழின் நுனி மட்டும் தட்டோடு நின்றுவிட்டது. அதை எடுக்கப் பக்கத்தில் கிடந்த கரண்டியை எட்டினேன்.

“கரண்டி வேணாம்!” என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

பிரிசில்லா தன் கறுத்த விரல் நுனியால் அந்தத் துண்டை மெதுவாக நெம்பி எடுத்து, கேக்கில் இருந்த இடத்தில் ஒட்டிவைத்தாள். ஜெயராணி அந்தப் பக்கத்தைச் சுவர் பக்கம் திருப்பிவைத்தாள். “எனக்கு முழுசாத்தான் தெரியுது. கணக்கு முடிஞ்சிச்சி அண்ணி. காச எடுத்து உள்ள வைங்க, ரெஜினா வந்துடப் போறா.” பிரிசில்லா பர்சை ஒரு தடவை திறந்து மூடினாள். பிறகு உள்ளே செருகிக்கொண்டாள். “நெய் இன்னும் இருக்குதா ஜெயா?” என்றாள். “அந்த இதயத் தட்டையும் பாத்துடலாம்.”

பூத்தட்டைக் கழுவும் வேலை எனக்கு வந்தது. பின்கட்டுக் குழாயடியில் உட்கார்ந்து தண்ணீரைத் திறந்தேன். நார் கிடையாது, பிரஷ் கிடையாது, வெறும் கை. உள்ளங்கையை மடிப்பில் வைத்ததும் நிறுத்தினேன். என் உள்ளங்கையே உப்புத்தாள் மாதிரிதான் இருக்கிறது. கையைத் திருப்பினேன். வெதுவெதுப்பு இன்னும் போகாத அந்தத் தட்டை, இதழ் இதழாக, புறங்கையால் கழுவத் தொடங்கினேன்.